நீட், பொதுத்தேர்வு, கல்வி அமைச்சர்: தர்மபுரிப் பக்கத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பொதுத்தேர்வு சமயத்தில் அறைக் கண்காணிப்பாளர், துறை அலுவலர் என்று எல்லா வேலையும் பார்த்தாயிற்று. இப்போது டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் பெற்றோர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். "சார், வினாத்தாள் வெளியாகுதாமே?" "மந்திரி என்ன பண்றாரு?" திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, பெரும்பாலும் அவர்கள் கேட்ட மாதிரியே, இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

நீட் தேர்வில் தப்பு நடந்தால் எந்த அமைச்சரைக் கேட்பது?

இந்தக் கேள்விக்கு ஒரே பெயரில் பதில் சொல்ல முடியாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எம்பிபிஎஸ் சேர நீட் கட்டாயம் என்று சொல்வது 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம். அந்த ஆணையம் சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமை, எல்லோரும் சொல்லும் என்டிஏ. அது கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. மதிப்பெண் வந்த பிறகு அகில இந்திய இடங்களுக்கான கலந்தாய்வு மறுபடியும் சுகாதாரத் துறை பக்கம் போய்விடும். நம் மாநில இடங்களுக்குச் சென்னையில் உள்ள தேர்வுக் குழு. முறைகேட்டுக்குத் தண்டனை கொடுக்கும் புதுச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தது பணியாளர் நலத் துறை. வழக்கு பெரிதானால் சிபிஐ.

ஒரே பிள்ளையின் ஒரே தேர்வுக்கு இத்தனை வாசல். நில அளவைக்கு மனு கொடுத்துவிட்டு தாலுகா ஆபீசுக்கும் விஏஓ வீட்டுக்கும் நடக்கிறோமே, ஏறக்குறைய அந்தக் கதை. ஆனாலும் வினாத்தாள், தேர்வு மையம், முடிவு வெளியிடுவது ஆகிய மூன்றில் குளறுபடி என்றால் பதில் சொல்ல வேண்டிய இடம் கல்வி அமைச்சகம்தான். என்டிஏ அவர்களுடைய குழந்தை. 2017 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து உருவானது. அதற்கு முன்பு நீட்டை நடத்தியது சிபிஎஸ்இ. 2019 முதல்தான் இது என்டிஏ கைக்கு வந்தது.

அமைச்சர் வினாத்தாளைப் பார்ப்பாரா?

மாட்டார். பார்க்கவும் கூடாது. வினாத்தாள் யார் கையில் எப்போது இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை யாரிடம் ஒப்படைப்பது, அது கெட்டுப்போனால் யாரை மாற்றுவது என்பதுதான் அவர் வேலை. நல்ல அமைச்சரா, மோசமான அமைச்சரா என்பதை நான் அதை வைத்துத்தான் எடை போடுவேன். மேடைப் பேச்சை வைத்து அல்ல.

2024 நீட்டில் உண்மையில் நடந்தது என்ன?

அந்த ஆண்டு மே 5ஆம் தேதி தேர்வு. எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். மதியம் 2 மணிக்குத் தொடங்க வேண்டும். அன்று காலை ஜார்க்கண்ட் மாநிலம் ஹசாரிபாக்கில் ஒரு பள்ளியில் வினாத்தாள் பெட்டி இருந்த அறைக்குள் வெளியாள் ஒருவனை விட்டிருக்கிறார்கள். விட்டவர்கள் அந்தப் பள்ளியின் முதல்வரும் துணை முதல்வரும் என்பது சிபிஐயின் குற்றச்சாட்டு. முதல்வர்தான் அந்த ஊருக்கு என்டிஏ நியமித்த ஒருங்கிணைப்பாளர் என்பதையும் கவனியுங்கள். டிரங்குப் பெட்டியைக் கருவி வைத்துத் திறந்து, தாளைப் படம் எடுத்து, திரும்ப மூடியிருக்கிறார்கள். மருத்துவ மாணவர்கள் சிலரைப் பிடித்து உட்கார வைத்து விடை எழுத வைத்து, பாட்னாவில் காத்திருந்த பிள்ளைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பூட்டை உடைத்துக்கொண்டு வந்த திருடர் கதை இல்லை இது. சாவியை நம்பி ஒப்படைத்த ஆளே கதவைத் திறந்துவிட்ட கதை.

முடிவு ஜூன் 4ஆம் தேதி வந்தது. நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நடந்த அதே நாள். ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது, நீட் எழுதிய பிள்ளைகள் மட்டும் செல்போனில் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

67 பேர் 720க்கு 720 எடுத்தார்களே, அது எப்படி?

இரண்டு காரணம், இரண்டும் வேறு வேறு.

ஒன்று, சில மையங்களில் தாள் தாமதமாகக் கொடுத்ததால் நேரம் போனது என்று 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் போட்டிருந்தார்கள். யாரிடமும் முன்கூட்டி அறிவிக்காமல் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் அதை ரத்து செய்தார்கள். ஜூன் 23ஆம் தேதி அவர்களுக்கு மட்டும் மறுதேர்வு வைத்ததில் 813 பேர்தான் வந்தார்கள்.

இரண்டாவது என் பாடம் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இயற்பியலில் அணுவைப் பற்றி இரண்டு கூற்றுகள் கொடுத்து எது சரி என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்குரிய நிறமாலையை உமிழும் என்பது ஒரு கூற்று. யுரேனியம், ரேடியம் என்று தானாகச் சிதையும் தனிமங்கள் இருக்கும்போது இது எப்படிச் சரியாகும்? தப்புதான். ஆனால் பழைய என்சிஇஆர்டி புத்தகத்தில், அதாவது மத்தியப் பாடத்திட்டப் புத்தகத்தில், அப்படித்தான் அச்சாகியிருந்தது. அண்ணன் படித்த புத்தகத்தைத் தம்பி படிப்பது நம் வீட்டு வழக்கம். அதனால் இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டார்கள். முழு மதிப்பெண் வாங்கியவர்களில் 44 பேர் அந்த ஒரு கேள்வியால் மேலே போனவர்கள். உச்ச நீதிமன்றம் டெல்லி ஐஐடி நிபுணர்களைக் கேட்டது. ஒரே விடைதான் சரி என்றார்கள். திருத்திய பட்டியலில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 17 பேர்.

பெரிய மோசடி என்று எல்லோரும் காட்டிய 67 என்ற எண்ணில் கசிவின் பங்கைவிடக் கவனக்குறைவின் பங்குதான் பெரிது. கசிவு உண்மை. ஆனால் அது அந்த எண்ணில் இல்லை.

கசிந்தது உறுதியானால் ஏன் எல்லோருக்கும் மறுதேர்வு வைக்கவில்லை?

கசிவு நடந்தது என்பதை உச்ச நீதிமன்றம் மறுக்கவில்லை. ஹசாரிபாக், பாட்னா இரண்டு ஊர்களில் ஏறத்தாழ 155 பேர் பலன் அடைந்தார்கள் என்று சிபிஐ சொன்னதை எடுத்துக்கொண்டு, நாடு முழுக்கப் பரவியதாகச் சான்று இல்லை என்று ஜூலை 23ஆம் தேதி தீர்ப்பளித்தது. அதற்காக என்டிஏவை விட்டுவிடவும் இல்லை. ஆகஸ்ட் 2இல் வந்த விரிவான தீர்ப்பில், வினாத்தாள் பெட்டி பேட்டரி ரிக்‌ஷாவில் போனது உட்பட வரிசையாகக் குறை சொல்லியிருக்கிறது.

தீர்ப்பு சரியா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஒரு பக்கம், நேர்மையாக எழுதிய லட்சக்கணக்கான பிள்ளைகளை மறுபடி உட்கார வைப்பது கொடுமை. அரூர் பக்கம் கூலிக்குப் போகும் வீட்டுப் பெண் இன்னொரு தடவை பஸ் ஏறி, லாட்ஜில் தங்கி எழுத வேண்டும். மறுபக்கம், "பரவலாக நடக்கவில்லை" என்ற வார்த்தை எனக்கு நிம்மதி தரவில்லை. ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் தரவரிசை ஆயிரக்கணக்கில் இறங்கும் தேர்வு இது.

அப்போது கல்வி அமைச்சர் என்ன செய்தார்?

அமைச்சர் தர்மேந்திர பிரதான். ஒடிசாக்காரர், 2021 ஜூலையில் கல்வித் துறைக்கு வந்தவர். தொடக்கத்தில் கசிவுக்கு ஆதாரம் இல்லை என்றார். ஒரு வாரம் கழித்து, ஜூன் 20ஆம் தேதி, அமைப்பில் தோல்வி நடந்திருக்கிறது, தார்மீகப் பொறுப்பு ஏற்கிறேன் என்றார். அடுத்தடுத்த நாட்களில் என்டிஏ தலைமை இயக்குநரை மாற்றினார்கள், வழக்கை சிபிஐக்குக் கொடுத்தார்கள், இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையில் ஏழு பேர் குழு அமைத்தார்கள். முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நீட்டை முந்தைய நாள் இரவு தள்ளிவைத்தது சுகாதார அமைச்சகம். அது இவர் கணக்கில் வராது.

பொறுப்பேற்கிறேன் என்று சொன்னது நல்லது. ஆனால் முதல் வாரத்தில் "இல்லை" என்று சொன்னதுதான் எங்கள் ஊர்ப் பெற்றோர்களுக்கு ஆறவில்லை. ஒரு பள்ளியில் பிட் பிடிபட்டால்கூட, தலைமையாசிரியர் "விசாரிக்கிறோம்" என்பார். விசாரிப்பதற்கு முன்னால் "எங்க ஸ்கூல்ல அப்படி நடக்காது" என்று சொல்பவரை யார் நம்புவார்கள்?

யுஜிசி நெட் தேர்வையும் ரத்து செய்தார்களே?

கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான தேர்வு அது. 2024 ஜூன் 18ஆம் தேதி நடத்தி, மறுநாளே ரத்து செய்தார்கள். டெலிகிராமில் தாள் சுற்றுகிறது என்று உள்துறையின் சைபர் பிரிவிலிருந்து தகவல். பின்னால் சிபிஐ பார்த்தபோது அந்த ஸ்கிரீன்ஷாட் தேர்வுக்குப் பிறகு எடுத்து, முன்னாலேயே வந்தது போல மாற்றப்பட்டது என்று தெரிந்தது. நிஜமாகக் கசிந்த நீட் ரத்தாகவில்லை, கசியாத நெட் ரத்தானது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல!

புதுச் சட்டம் வந்திருக்கிறதாமே? என் பையன் மாட்டுவானா?

2024ஆம் ஆண்டின் பொதுத்தேர்வுகள் முறைகேடு தடுப்புச் சட்டம். பிப்ரவரியில் நிறைவேறியது. நீட் ரகளைக்கு நடுவில் ஜூன் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. "பொதுத்தேர்வு" என்று பெயர் இருப்பதால் நம் பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 தேர்வு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது இல்லை. என்டிஏ, யுபிஎஸ்சி, எஸ்எஸ்சி, ரயில்வே, வங்கித் தேர்வு வாரியம் போன்ற மத்திய அமைப்புகள் நடத்துபவை மட்டும்.

வினாத்தாளை வெளியிடுவது, வட்டம் நிரப்பி விடை குறிக்கும் ஓஎம்ஆர் தாளில் கைவைத்து மாற்றுவது, போலி இணையதளம் நடத்துவது எல்லாம் குற்றம். 3 முதல் 5 ஆண்டு சிறை, 10 லட்சம் வரை அபராதம். தேர்வு நடத்தும் ஒப்பந்த நிறுவனம் என்றால் அபராதம் 1 கோடி வரை போகும். கும்பலாகச் செய்தால் 5 முதல் 10 ஆண்டு சிறையும் குறைந்தது 1 கோடி அபராதமும். ஜாமீன் சுலபமாகக் கிடைக்காது. விசாரிப்பவர் டிஎஸ்பி தகுதிக்குக் குறையக் கூடாது.

மாணவர்களை இந்தச் சட்டம் நேராகக் குறிவைக்கவில்லை. அவர்கள் மீது அந்தந்தத் தேர்வு அமைப்பின் விதிப்படி நடவடிக்கை வரும். அதற்காக ஆள் மாறாட்டம் செய்தால் சும்மா விடுவார்கள் என்று அர்த்தம் இல்லை. 2019இல் தேனி மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய ஆள்மாறாட்ட வழக்கில் பிள்ளைகளோடு அப்பாக்களும் கைதானார்கள். அந்த விசாரணை தர்மபுரி வரை வந்தது, ஞாபகம் இருக்கும்.

நம் பிளஸ் 2 தேர்வில் இப்படி நடக்க வாய்ப்பில்லையா?

நடந்திருக்கிறது. அதுவும் நம் பக்கத்திலேயே.

2015 மார்ச்சில் ஓசூரில் பிளஸ் 2 கணக்குத் தேர்வு. அறையில் கண்காணிப்பு வேலையில் இருந்த தனியார் பள்ளி ஆசிரியரே வினாத்தாளைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். ஆசிரியர்கள் நான்கு பேர் கைது. கிருஷ்ணகிரி மாவட்டமே தலைகுனிந்த வாரம் அது. அப்புறம் 2022 பிப்ரவரியில் திருவண்ணாமலை மாவட்டத்தில் திருப்புதல் தேர்வுத் தாள்கள் முன்கூட்டியே சமூக வலைத்தளத்தில் வந்தன.

எங்கள் முறை எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வினாத்தாள் கட்டுகள் கட்டுக்காப்பு மையத்தில் இருக்கும். வாசலில் துப்பாக்கியோடு போலீஸ். விடிந்ததும் வழித்தட அலுவலர் ஜீப்பில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மையமாக இறக்கிக்கொண்டு வருவார். பாலக்கோடு ரோட்டில் தக்காளி லாரிகளுக்கு நடுவே அந்த ஜீப் ஊர்ந்து வரும்போது, பள்ளிக் கேட்டில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருப்போம். கட்டு வந்ததும் முத்திரை சரியா என்று முதன்மைக் கண்காணிப்பாளரும் துறை அலுவலரும் பார்ப்போம். அறைக்கான உறையை அறைக்குள்தான் பிரிக்க வேண்டும். பிரிக்கும் முன் இரண்டு மாணவர்களிடம் காட்டி, உறை பிரிபடாமல் இருந்தது என்று கையெழுத்து வாங்க வேண்டும்.

பென்னாகரம் பக்கம் ஒரு மையத்தில் ஒரு பையன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் எதுக்கு சார் கையெழுத்துப் போடணும், நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டான். முகம் வெளுத்துவிட்டது. "தப்பு பண்ணலடா கண்ணு, நாங்க தப்பு பண்ணலன்னு நீதான் சாட்சி" என்றேன். உறையைத் திருப்பித் திருப்பி, ஒட்டிய இடத்தை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போட்டான். மற்ற பிள்ளைகள் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார்கள்.

அவனைப் போல இரண்டு பேர் ஹசாரிபாக் அறையில் அந்தக் காலையில் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். சரி, ஓசூரில் கையெழுத்து எல்லாம் ஒழுங்காகத்தான் வாங்கியிருப்பார்கள். உறை பிரித்த பிறகு ஆசிரியர் கையில் செல்போன் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

ராதாகிருஷ்ணன் குழு என்ன சொன்னது? நீட் கம்ப்யூட்டரில் வந்துவிடுமா?

குழு 101 பரிந்துரைகள் கொடுத்தது. எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. முக்கியமானது, தாளை அச்சடித்து லாரியில் அனுப்பும் பழக்கத்தைக் குறைப்பது. முடிந்த தேர்வுகளைக் கணினி வழியில் நடத்து, முடியாத இடத்தில் வினாத்தாளைப் பூட்டிய கோப்பாக அனுப்பி மையத்திலேயே அச்சடி என்கிறார்கள். விமான நிலையத்தில் முகத்தைப் பார்த்து உள்ளே விடுவது போல, விண்ணப்பித்தவரும் எழுத வந்தவரும் ஒரே ஆளா என்று பார்க்கும் ஏற்பாடும் வேண்டும் என்கிறார்கள். தனியார் மையங்களை நம்பாமல் கேந்திரிய வித்யாலயா போன்ற அரசுப் பள்ளிகளை எடு, மாவட்ட அளவில் ஆட்சியர், போலீசோடு குழு வை, நீட்டைப் பல கட்டமாக நடத்த முடியுமா பார் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

என்டிஏ இனி வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வுகளை நடத்தாது, உயர்கல்வி நுழைவுத் தேர்வு மட்டும்தான் என்று 2024 டிசம்பரில் அமைச்சர் அறிவித்தார். சரியான முடிவு. ஓர் ஆள் எத்தனை பானையை அடுப்பில் வைப்பது? ஆனால் 2025 நீட் பழையபடி பேனாவும் ஓஎம்ஆர் தாளுமாகத்தான் நடந்தது.

கணினி வழியில் வந்தால் நம் பிள்ளைகள் பாதிக்கப்படுவார்களா என்பது அடுத்த கேள்வி. ஹைடெக் லேப் பல அரசுப் பள்ளிகளில் இருக்கிறது. லேப் இருப்பது வேறு, பிள்ளை மூன்று மணி நேரம் திரையைப் பார்த்துக் கணக்குப் போட்டுப் பழகியிருப்பது வேறு. அஞ்செட்டி மலைக்கிராமத்துப் பிள்ளையையும் பெங்களூரு கோச்சிங் பிள்ளையையும் ஒரே திரைக்கு முன்னால் உட்கார வைத்தால் சமம் ஆகிவிடாது. இன்னொன்றும் உண்டு. பல நாள், பல ஷிப்டில் நடத்தினால் ஒரு ஷிப்ட் தாள் கஷ்டம், இன்னொன்று சுலபம் என்று மதிப்பெண்ணைச் சமப்படுத்த ஒரு கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கைப் பெற்றோருக்கு விளக்க நான் இன்னொரு முறை பணியில் சேர வேண்டும்.

தமிழில் எழுதினால் மொழிபெயர்ப்பு தப்பு வருகிறதாமே?

2018இல் பெரிய அளவில் வந்தது. தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்கு. ஒரு கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் தரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது, அப்புறம் ரத்தும் செய்தது. பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வினாத்தாள் கசிவதைத்தான் முறைகேடு என்கிறோம். புரியாத தமிழில் கேள்வி கேட்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இப்போது தமிழ் எடுத்தால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த தாள் கிடைக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் ஆங்கிலம்தான் செல்லும். ஆகவே இயற்பியல், வேதியியல் சொற்களை இரண்டு மொழியிலும் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தேசியக் கல்விக் கொள்கையும் அமைச்சர் பிரதான் கொண்டுவந்ததுதானா?

இல்லை. 2020 ஜூலை 29ஆம் தேதி அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது அமைச்சர் ரமேஷ் பொக்ரியால் நிஷாங்க். வரைவைத் தயாரித்தது கஸ்தூரிரங்கன் குழு. "மனிதவள மேம்பாடு" என்றிருந்த துறைக்குத் திரும்பவும் கல்வி அமைச்சகம் என்று பெயர் வந்ததும் அப்போதுதான். அதை மாநிலங்களில் நடைமுறைப்படுத்தும் வேலை பிரதான் காலத்தில் வந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு அவர் பெயர் தெரிய வந்ததும் அதனால்தான்.

கல்வி மாநிலப் பட்டியலில் இல்லையா? டெல்லி எப்படி உத்தரவு போடுகிறது?

1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில் 42ஆவது திருத்தம் மூலம் பொதுப்பட்டியலுக்குப் போய்விட்டது. மாநிலமும் சட்டம் போடலாம், மத்தியும் போடலாம், மோதினால் பொதுவாக மத்திய சட்டம் நிற்கும். கொள்கை என்பது சட்டம் இல்லை, அதைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் பணம் அவர்கள் கையில் இருக்கிறது.

பணம் நிறுத்தியது என்ன விவகாரம்?

சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கு. 2024-25க்கு நமக்கு வர வேண்டியது சுமார் 2,152 கோடி ரூபாய். பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கு ஒப்பந்தம் போடு, அதில் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கிறேன் என்று இருக்கும், போட்டால்தான் பணம் என்றார்கள். தமிழ்நாடு போடவில்லை. 2024 மார்ச்சில் தமிழ்நாடு தலைமைச் செயலாளர் எழுதிய கடிதத்தைக் காட்டி, முதலில் சம்மதித்துவிட்டுப் பின்வாங்கினார்கள் என்றார் அமைச்சர். குழு அமைத்து முடிவெடுப்போம் என்றுதான் சொன்னோம் என்றது மாநிலம். 2025 மார்ச் 10ஆம் தேதி மக்களவையில் இது வெடித்தது. தமிழ்நாட்டு எம்பிக்களை நாகரிகமற்றவர்கள் என்று சொல்லிவிட்டு அமைச்சர் அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றார். மே மாதம் வட்டியோடு 2,291 கோடி கேட்டு தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது.

இரண்டு பக்கமும் வசனம் நன்றாக இருந்தது. ஆசிரியர் பயிற்றுநர் சம்பளம், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர், இதெல்லாம் ஓடுவது அந்தத் திட்டத்தில். ஒரு கொள்கையில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக இன்னொரு திட்டத்தின் பணத்தைப் பிடித்துவைப்பது முறையல்ல என்பது என் கருத்து. ரேஷன் கடையில் அரிசி வேண்டுமென்றால் சோப்பும் வாங்கு என்கிற மாதிரி.

மும்மொழி வந்தால் நம் பிள்ளைகள் இந்தி படிக்க வேண்டுமா?

தேசியக் கல்விக் கொள்கையில் மூன்று மொழி என்று இருக்கிறது, இந்தி என்று எழுதவில்லை. மூன்றில் இரண்டு இந்திய மொழி இருக்க வேண்டும், எந்த மொழி என்பதை மாநிலமும் மாணவரும் முடிவு செய்யலாம் என்கிறது. தமிழ்நாடு 1968 ஜனவரியில் அண்ணா காலத்துச் சட்டமன்றத் தீர்மானத்திலிருந்து இருமொழியில் நிற்கிறது.

ஆனால் இதைச் சென்னையில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு ஓசூர் தெரியாது. தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பஸ்ஸில் தமிழ் என்று நான்காம் வகுப்புப் பிள்ளையே மாற்றி மாற்றிப் பேசும். தெலுங்கு வழி, கன்னட வழி அரசுப் பள்ளிகள் அங்கே பல காலமாக உண்டு. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் தமிழ் எழுத வேண்டும் என்று வந்தபோது, தமிழ் சொல்லித்தர ஆள் போதவில்லை என்று நீதிமன்றம் போய் விலக்கு வாங்கினார்கள். மொழி கற்பதற்கு எதிரி அங்கே யாரும் இல்லை. ஆசிரியர் இல்லாத மொழியில் தேர்வு வைப்பதுதான் பிரச்சினை. மூன்றாவது மொழி கேட்கும் டெல்லிக்கும் அந்த ஒரு கேள்வி பொருந்தும்: ஆசிரியர் எங்கே?

ஐந்திலும் எட்டிலும் இனி ஃபெயில் போடுவார்களாமே?

2024 டிசம்பரில் மத்திய அரசு விதியை மாற்றியது. இரண்டு மாதத்தில் மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பு. கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்றவற்றுக்கு அது உண்டு. நம் மாநிலப் பள்ளிகளில் எட்டு வரை நிறுத்திவைப்பது இல்லை என்று தமிழ்நாடு அப்போதே சொல்லிவிட்டது.

பிளஸ் 1 பொதுத்தேர்வு?

2025 ஆகஸ்ட் 8ஆம் தேதி வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு எடுத்துவிட்டார்கள். நீதிபதி முருகேசன் குழு அறிக்கையின் அடிப்படையில் வந்த கொள்கை. ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. பொதுத்தேர்வு இல்லை என்றதும் பிளஸ் 1 பாடத்தை ஓரங்கட்டிவிட்டு நேராகப் பிளஸ் 2 நடத்தும் பழக்கம் நம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் முன்பு இருந்தது. நீட்டில் பாதிக் கேள்வி பிளஸ் 1இலிருந்து வரும். பார்த்துக்கொள்ளுங்கள்.

நீட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு விலக்கு வருமா?

2021 செப்டம்பரில் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை என்று 2025 ஏப்ரலில் முதல்வர் அவையில் சொன்னார். இதை நம்பிப் புத்தகத்தை மூடி வைக்காதீர்கள்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. நம்மிடம் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008இலிருந்து இருக்கிறது, கிருஷ்ணகிரிக்கும் 2022 ஜனவரியில் திறந்தார்கள். "நல்ல ஸ்கூல்" என்று எட்டாம் வகுப்பில் பிள்ளையைத் தனியாருக்கு மாற்றி, இந்த ஒதுக்கீட்டை இழந்து, என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுத அப்பா ஒருவரை எனக்குத் தெரியும்.

டெலிகிராமில் வினாத்தாள் தருகிறேன் என்று மெசேஜ் வருகிறது. பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். 2025 நீட்டுக்கு முன்பு இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட டெலிகிராம் சேனல்களை என்டிஏ அடையாளம் கண்டது, புகார் செய்யத் தனிப் பக்கமும் திறந்தது. பணம் போனால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். "தாள் கிடைக்காட்டி பணம் வாபஸ்" என்பான். நீங்கள் போலீசுக்குப் போக மாட்டீர்கள் என்ற தைரியம் அவனுக்கு.

தேர்வு அறையில் பிள்ளை எதைக் கவனிக்க வேண்டும்?

கையில் கொடுக்கும் வினாப் புத்தகத்தின் முத்திரை கிழியாமல் இருக்கிறதா, அதன் குறியீடும் ஓஎம்ஆர் தாளின் குறியீடும் ஒன்றா என்று பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் இருந்தால் எழுதத் தொடங்குவதற்கு முன் கையைத் தூக்க வேண்டும். எழுதி முடித்துச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் படித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். கண்காணிப்பாளர் அவசரப்படுத்துவார். நானும் அவசரப்படுத்தியிருக்கிறேன். பென்னாகரத்துப் பையனுக்குப் பிறகுதான் நிறுத்தினேன்.